இரண்டாம் நிலைத் தம்பதி

தேசிய நெருக்க நல வாரியத்தின் கடிதம் வந்தபோது கிரெஸ்டன் ஒரு பால் கறக்கும் இயந்திரத்தின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். அதனால் அவர் மனைவி சோல்வைதான் கொட்டகை வாசலில் நின்று கடிதத்தைப் படித்துக் காட்டினார். காற்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. மேற்கு ஜுட்லாந்தில் காற்றுக்கு வேறு வேலை கிடையாது.

டென்மார்க் மக்களின் அந்தரங்க வாழ்வு எப்படி இருக்கிறது என்று கோபன்ஹேகனில் இருக்கும் வாரியம் ஆய்வு நடத்துகிறதாம். நாடு முழுக்கக் குலுக்கிப் போட்டு இரண்டாயிரம் பேரைத் தேர்ந்தெடுத்ததில் வெஸ்டர்பெக் கிராமத்திலிருந்து பால் இயந்திரம் பழுதுபார்க்கும் கிரெஸ்டனும், பள்ளிப் பேருந்து ஓட்டும் சோல்வையும் வந்திருக்கிறார்களாம். ஒரே வீட்டில் இரண்டு பேர் தேர்வானது முழுக்கத் தற்செயல் என்று அடிக்குறிப்பு உறுதி சொன்னது. ஒவ்வொருவரும் ஏறக்குறைய மூவாயிரம் குடிமக்களின் சார்பாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

கிரெஸ்டன் இயந்திரத்துக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார்.

"மூவாயிரம் பேரா? அவங்க ராத்திரி என்ன பண்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ உன் பங்க மட்டும் சொல்லு. அவங்க பங்க அவங்க பாத்துக்குவாங்க," என்றார் சோல்வை.

அடுத்த வாரம் வாரியத்தின் பேட்டியாளன் மால்டே வந்தான். முப்பது வயது இருக்கும். கோபன்ஹேகன்காரன். மெல்லிய கோட்டு, அதைவிட மெல்லிய குரல். சோல்வையைப் பேருந்து நிறுத்தத்திலேயே தனியாகப் பேட்டி எடுத்து முடித்துவிட்டு, கிரெஸ்டனைச் சமையலறை மேசையில் உட்கார வைத்தான். காப்பி வந்தது. கறுப்பு ரொட்டி வந்தது. மால்டே ரொட்டியைத் தொடவில்லை. முதலில் தன் வாரியத்தின் கொள்கையை விளக்க வேண்டியது அவன் கடமை.

"ஆசைங்கறது இயற்கையா வர்றதில்ல கிரெஸ்டன். சமூகம் சொல்லிக்கொடுக்கறது. எதுக்கு வெக்கப்படணும், எதுக்குச் சந்தோஷப்படணும், எல்லாமே யாரோ நமக்குப் பாடம் எடுத்ததுதான். உங்க கட்டில்ல நீங்க ரெண்டு பேர் மட்டும் படுக்கல. உங்க தாத்தா இருக்காரு, பாதிரியார் இருக்காரு, பள்ளிக்கூட வாத்தியார் இருக்காரு."

"அந்தக் கட்டில் அவ்வளவு தாங்காது," என்றார் கிரெஸ்டன். "நாங்க ரெண்டு பேர் படுத்தாலே முனகும்."

மால்டே ஆவலோடு பேனாவைத் திறந்தான். "யாரு?"

"கட்டில்."

மால்டே பேனாவை மூடினான்.

கேள்விகள் மொத்தம் நூற்றுப் பதினான்கு. பதினெட்டாவது கேள்வி, பெரும்பாலும் யார் முதலில் தொடங்குவது என்பது. கிரெஸ்டன் யோசித்துவிட்டு, "வியாழக்கிழமை," என்றார்.

"எப்பன்னு கேக்கல. யாருன்னு கேட்டேன்."

"அதான் சொல்றேனே. வியாழக்கிழமைதான் ஆரம்பிக்கும். அன்னிக்கு மத்தியானம் அவளுக்கு வண்டி கிடையாது."

அதற்கு வாரியத்தின் படிவத்தில் கட்டம் இல்லை. மால்டே 'தெரியவில்லை' என்பதில் குறியிட்டான். கடைசிக் கேள்வியை மட்டும் அவன் தன் சொந்தக் கேள்வி போல முன்னால் குனிந்து கேட்டான். உங்கள் அந்தரங்க வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள்.

கிரெஸ்டன் ஜன்னல் வழியே பார்த்தார். காதுமடல் சிவந்தது. அறுபத்தொரு வயதில் முதல் முறையாக அந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லத் தீர்மானித்தார்.

"மோசமில்ல," என்றார்.

மேற்கு ஜுட்லாந்துக்காரர்களின் பேச்சைக் கொஞ்சம் அறிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். பக்கத்துப் பண்ணைக்காரர் விகோவின் வைக்கோல் கொட்டகை முழுதாக எரிந்து சாம்பலானபோது, காப்பீட்டுக்காரரிடம் அவர் சொன்னது, "கொஞ்சம் சூடாத்தான் இருந்துச்சு." கிரெஸ்டன் தன் மகளை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது சொன்னது, "மோசமில்ல." அதற்கு மேலே சொல்ல அந்த ஊரில் சொல் கிடையாது. அதற்கு மேலே யாராவது சொன்னால் அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று கதவைச் சாத்துவார்கள்.

மால்டே அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு ரயிலேறினான்.

இரண்டு மாதம் கழித்து வந்த கடிதத்தில் சிவப்பு முத்திரை இருந்தது. கிரெஸ்டனும் சோல்வையும் 'உதவி தேவைப்படும் இல்லம், இரண்டாம் நிலை' என்று வகைப்படுத்தப்பட்டிருந்தார்கள். கூடவே ஒரு வரைபடம். கோபன்ஹேகன் பச்சையாகச் செழித்திருந்தது. அங்கே பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் 'அபாரம்', 'ஒப்பற்றது', 'ஒரு பயணம்' என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். மேற்கு ஜுட்லாந்து மட்டும் கடற்கரையோரம் நெடுக, தீப்பிடித்தது போலச் சிவந்து கிடந்தது.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. 'தம்பதியர் இருவரின் பதில்களுக்கும் இடையே இடைவெளி காணப்படுகிறது. எவருடைய திருப்தி குறைவு என்பதை, தனியுரிமை கருதி, தெரிவிப்பதற்கில்லை.'

சோல்வை அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு கடிதத்தை மடித்து ரொட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தார். கிரெஸ்டன் இயந்திரத்தைக் கவனிக்கப் போனார். அன்று அவர் ஒரு ரப்பர் குழாயைத் தலைகீழாக மாட்டிவிட்டார். முப்பத்திரண்டு வருடத் தொழிலில் அப்படி நடந்ததில்லை.

மால்டே மறுபடி வந்தான், இந்த முறை உதவியோடு. உதவி என்பது ஒரு நீல நோட்டு, மூன்று நிற அட்டைகள், ஒரு மணல் கடிகாரம்.

"எங்களுக்கு வேணாம்ப்பா," என்றார் கிரெஸ்டன். "நாங்க நல்லாத்தான் இருக்கோம்."

"கட்டாயமே இல்ல," என்றான் மால்டே அவசரமாக. "இது முழுக்க உங்க விருப்பம். ஆனா விருப்பமில்லன்னு சொல்றது ஒரு அறிகுறி. அறிகுறி இருந்தா மூணாம் நிலை. மூணாம் நிலைக்கு நான் வாரா வாரம் வரணும்."

"இப்ப?"

"ரெண்டாம் நிலை. மாசத்துக்கு ஒரு தடவ."

கிரெஸ்டன் நீல நோட்டை வாங்கிக்கொண்டார்.

திட்டத்தின் பெயர் 'சொல்லித் தொடு'. தொடுவதற்கு முன் என்ன உணர்கிறோம் என்பதை முழு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பச்சை அட்டை என்றால் சம்மதம். மஞ்சள் என்றால் விவாதிக்கலாம். சிவப்பு என்றால் வேண்டாம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் இருவரும் மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். இதற்கு முன்பெல்லாம் சோல்வை காப்பிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிப்படியில் ஏறுவார். பின்னால் வா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது. இன்று கோப்பைகள் மேசையிலேயே இருந்தன. கிரெஸ்டன் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார்.

"நான்..." என்று தொடங்கினார். மணல் இறங்கியது. "நான் என்ன உணர்றேன்னா..."

சோல்வை பொறுமையாக அவரைப் பார்த்தார். பேருந்தில் வாந்தி வருகிறது என்று சொல்லும் குழந்தையை அப்படித்தான் பார்ப்பார்.

"முழங்கால் வலிக்குது," என்று முடித்தார் கிரெஸ்டன்.

"அது உணர்ச்சியில சேராதுன்னு நோட்டுல போட்டிருக்கு."

"சரி. நீ சொல்லு."

சோல்வை அட்டைகளை எடுத்துப் புரட்டினார். "நீ எதுக்கு மஞ்சளத் தூக்கிப் பிடிச்சிருக்க?"

"பச்சைன்னு நெனச்சேன். கண்ணாடி மேல இருக்கு."

"எடுத்துட்டு வா போ."

கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவர் இறங்கி வந்தபோது காப்பி ஆறியிருந்தது, மணல் தீர்ந்திருந்தது, சோல்வை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நோட்டில், 'முயன்றோம்,' என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். அதற்கடுத்த வியாழக்கிழமை, 'முயன்றோம்' என்பதற்குக் கீழே, மேற்படி என்பதற்கு அடையாளமாக, இரட்டை மேற்கோள் குறி போட்டார்கள். மூன்றாவது வியாழக்கிழமை சோல்வை வேறொரு ஓட்டுநருக்குப் பதிலாக வண்டி ஓட்டப் போய்விட்டார்.

இதற்குள் வாரியம் ஊருக்குள்ளும் இறங்கியிருந்தது. ரொட்டிக் கடையில் கல்லாவுக்கு மேலே, 'இன்று உங்கள் துணையிடம் உங்கள் ஆசையைச் சொன்னீர்களா?' என்ற சுவரொட்டி ஒட்டப்பட்டது. ஊர்க்காரர்கள் ரொட்டி வாங்க ஒன்பது கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊருக்குப் போக ஆரம்பித்தார்கள். விகோ கல்யாணமே செய்துகொள்ளாதவர். அவரையும் விடவில்லை. தனிமை எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "அமைதியா இருக்கு," என்று சொல்லிவிட்டார். அது வாரியத்தின் அகராதியில் அபயக்குரல். அணைத்துப் பழகுவதற்காக ஆள் நீளத் தலையணை ஒன்று தபாலில் வந்து சேர்ந்தது.

"எப்படி இருக்கு?" என்று விசாரித்தார் கிரெஸ்டன்.

"நாய்க்குப் பிடிச்சிருக்கு," என்றார் விகோ.

கிரெஸ்டன் சிரிக்கவில்லை. அவருக்குள் அந்த ஒற்றை வரிதான் ஓடிக்கொண்டிருந்தது. இடைவெளி. யாருடையது குறைவு? தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரியும். அப்படியென்றால்? கொட்டகையிலிருந்து வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தார். பதில் சொன்ன பெண் மிகவும் கனிவானவர். "உங்க மனைவியோட மனசில என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா அத உங்ககிட்ட சொன்னா உங்க நெருக்கத்துல நாங்க தலையிட்ட மாதிரி ஆயிடும்," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, அவரால் அடக்க முடியவில்லை.

"நீ எத்தன மார்க் போட்ட?"

சோல்வை தட்டைக் கீழே வைத்தார். "நீ எத்தன போட்ட?"

"நான் மார்க்கே போடல. வாயால சொன்னேன்."

"நானும் வாயாலதான் சொன்னேன்."

"அப்ப இடைவெளி எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதத்தான் நானும் ஒன்றரை மாசமா யோசிச்சிட்டிருக்கேன்," என்றார் சோல்வை. "முப்பத்திநாலு வருஷம் கிரெஸ்டன். பிடிக்கலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம். ரேடியோ சரியில்லன்னா உடனே சொல்ற, இத மட்டும் கோபன்ஹேகன்காரன்கிட்ட சொல்லியிருக்க."

அந்த விஷயத்தைப் பற்றி அவர்கள் இத்தனை வருடத்தில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். கிரெஸ்டன் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் சோல்வை மாடிக்குப் போய்விட்டார். மேலே மகளின் பழைய அறையில் கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது. அது முனகவில்லை. அந்தக் கட்டிலில் ஒருவர்தான் படுக்க முடியும்.

மாதாந்திரப் பார்வைக்கு வந்த மால்டே இரண்டு அறைகளிலும் போர்வை விரிந்திருப்பதைப் பார்த்து நல்ல முன்னேற்றம் என்றான். எல்லைகளை வகுத்துக்கொள்வது ஐந்தாவது படியாம். மற்றவர்கள் அதை எட்ட ஓராண்டு எடுத்துக்கொள்வார்களாம். சொல்லும்போது அவன் கிரெஸ்டனின் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் விடுமுறை வாரத்தில் வாரியத்தின் இயக்குநர் டாக்டர் பெனெடிக்டா நேரிலேயே வந்தார். செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்றரை மணி, ஊர்க்கூடம். வராதவர்கள் மூன்றாம் நிலை என்பதால் ஊரே வந்திருந்தது. கம்பளிச் சட்டைகளும் பூட்சுகளுமாக வரிசை வரிசையாக உட்கார்ந்து, பல் மருத்துவருக்காகக் காத்திருப்பவர்கள் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நீள மேசையில் ஊர்ப் பெண்கள் சுட்டுக் கொண்டுவந்த ஏழு வகைக் கேக். கிரெஸ்டனும் சோல்வையும் ஒரே காரில் வந்து, நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள்.

பெனெடிக்டா மேடையேறினார்.

"நண்பர்களே, நான் உங்களக் குறை சொல்ல வரல. உங்க தப்பு இல்ல. இந்தக் காத்து, இந்தக் கடல், கண்டிப்பான மதம், நூறு நூத்தம்பது வருஷமா உங்க உதட்டத் தச்சு வச்சிருக்கு. ஒரு காலத்துல இத எல்லாம் பேசக்கூடாதுன்னு உங்கள மிரட்டினாங்க. அந்த அநியாயத்த வாரியம் முடிவுக்குக் கொண்டுவந்திடுச்சு. இனிமே பேசாம இருக்க யாருக்கும் அனுமதி கிடையாது."

கைதட்டலுக்காகக் கொஞ்சம் நின்றார். யாரோ இருமினார்கள்.

"என்னையே எடுத்துக்கங்க. நானும் என் கணவரும் ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஏழு மணிக்கு நெருக்கக் கூட்டம் போடுவோம். முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் அனுப்பிடுவோம். போன வருஷம் அம்பத்திரண்டு கூட்டம். அதுல நாப்பத்தொன்பதுல தீர்மானம் ஒருமனதா நிறைவேறிச்சு."

"மீதி மூணு?" என்று பின்வரிசையிலிருந்து விகோ கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

"ஒத்திவச்சோம். அவர் இப்ப ஆர்ஹுஸ்ல தனியா வீடு எடுத்து இருக்காரு. திரை வழியாத்தான் கலந்துக்கறாரு. அங்க சில நேரம் இணைப்பு கிடைக்கிறதில்ல." பெனெடிக்டா நிமிர்ந்தார். "ஆனா எங்க மதிப்பெண் பத்து. அத நாங்க ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்ல."

பிறகு விளக்கை அணைத்துத் திரையில் ஊரின் நோய்க்குச் சான்று காட்டினார். தனியுரிமை காரணமாகப் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. திரையில் இருந்தது இவ்வளவுதான். 'ஆண், வயது 61, வெஸ்டர்பெக், பால் கறக்கும் இயந்திரம் பழுதுபார்ப்பவர், மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுநர், இடது முழங்காலில் வலி.'

ஊர்க்கூடம் முழுக்கக் கிரெஸ்டன் பக்கம் திரும்பியது. பிறகு நாகரிகமாகத் தரைக்குத் திரும்பியது.

"முப்பத்திநாலு வருஷ வாழ்க்கையப் பத்திக் கேட்டதுக்கு இந்த மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா?" பெனெடிக்டாவின் குரலில் உண்மையான வேதனை இருந்தது. "மோசமில்ல. அவ்வளவுதான். மோசமில்ல! எங்க நிபுணர் குழு இதுக்கு மூணு மார்க் போட்டிருக்கு."

கூடத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். இரண்டு மூன்று பெண்கள் கணவர்களின் பக்கம் திரும்பினார்கள், 'பாத்தியா, கிரெஸ்டனே இப்படிச் சொல்லியிருக்கான்' என்பது போல. சோல்வை அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்து மேலே மெதுவாகச் சிவப்பு ஏறியது.

"அந்தம்மாவோட பதில் இது," என்று அடுத்த படத்தைப் போட்டார் பெனெடிக்டா. "குறை சொல்ல ஒண்ணுமில்ல. இதுக்கு நாலு. குறையச் சொல்லக்கூட உரிமை இல்லாத ஒரு பெண்ணோட குரல் இது."

கிரெஸ்டன் அந்த வாக்கியத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பவர் போல மறுபடி மறுபடி படித்தார். சோல்வை வாயிலிருந்து அதை அவர் இரண்டே முறைதான் கேட்டிருக்கிறார். இந்த வீட்டை வாங்கிய அன்று ஒரு முறை. மகளுக்குக் காய்ச்சல் விட்ட காலையில் ஒரு முறை.

நடுவில் இருந்த நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"நாலா?" என்றார் கிசுகிசுப்பாக.

"மூணா?" என்றார் சோல்வை.

சோல்வையின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று கிரெஸ்டன் பயந்துவிட்டார். இல்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். இளவயதில் துறைமுகத்து நடன விழாவில் கிரெஸ்டன் அவர் காலை மிதித்தபோது அப்படிச் சிரித்தவர்.

"பாத்தீங்களா, பதற்றம்," என்று சுட்டிக்காட்டினார் பெனெடிக்டா. "கிரெஸ்டன், எழுந்திருங்க. பயப்படாதீங்க. உங்க மனைவியப் பத்தி உங்க மனசுல இருக்கறத முழு வாக்கியத்துல, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சொல்லிட்டா இன்னிக்கே உங்கள முதல் நிலைக்கு மாத்திடறேன்."

கிரெஸ்டன் எழுந்தார். ஊரே அவருக்காக வெட்கப்பட்டது. அவர் தொப்பியைக் கையில் எடுத்தார், சுழற்றினார், மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

"சோல்வை, கார்ச்சாவி உன்கிட்டயா?"

"பையில இருக்கு."

"வா, போலாம்."

"இது தப்பிச்சு ஓடற நடத்தை!" என்றார் பெனெடிக்டா. "இதுக்கு மூணாம் நிலை!"

"பரவால்ல, போடுங்க," என்றார் சோல்வை கோட்டை மாட்டிக்கொண்டே. வாசலைத் தாண்டும்போது காற்று இருவரையும் ஒரே தள்ளாகத் தள்ளியது. காரில் ஏறும்வரை அவர்கள் பேசவில்லை. ஏறிய பிறகும் பேசியதாகத் தகவல் இல்லை.

அதன்பின் ஊர்க்கூடத்தில் நடந்தது விகோ சொல்லித்தான் வெளியே தெரிந்தது. முதலில் ரொட்டிக் கடைக்காரர் மனைவியைப் பார்த்தாராம். அந்த அம்மா கைப்பையை எடுத்தாராம். அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் என்றார்களாம். பிறகு தபால்காரரும் அவர் மனைவியும், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவேண்டுமென்று. அவர்களிடம் மாடே கிடையாது. காப்பி இடைவேளை விட்டதும் மிச்சமிருந்தவர்கள் கேக்கைக்கூடத் தொடாமல் ஜோடி ஜோடியாகக் கலைந்தார்கள். கூட்டம் மறுபடி கூடியபோது அறுபத்திரண்டு காலி நாற்காலிகளும் விகோவும் மட்டும் இருந்தார்கள். விகோ ஐந்தாவது வகைக் கேக்கில் இருந்தார்.

பெனெடிக்டா பட்டியலை எடுத்து ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் அழைத்தார். கிரெஸ்டன் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரொட்டிக் கடைக்காரர் வீட்டிலும், தபால்காரர் வீட்டிலும் அப்படியே. பதினோரு வீடுகள் வரை முயன்றார். ஒருவரும் எடுக்கவில்லை.

"ஆர்வமே செத்துப்போச்சு," என்றார் இயக்குநர். "நிதிய ரெண்டு மடங்கு கேக்கணும். மால்டே, வெளிய யாராவது இருக்காங்களா பாரு."

மால்டே ஜன்னலருகே போய் நின்றான். தெருவில் காற்றைத் தவிர யாரும் இல்லை. மணி மூன்றுகூட ஆகவில்லை. நல்ல வெயில்.

"யாரும் இல்ல டாக்டர். ஆனா எல்லா வீட்டுலயும் மாடியில திரைச்சீலைய இழுத்து விட்டிருக்காங்க."

"மனச்சோர்வு," என்றார் பெனெடிக்டா. "ஊர் முழுக்க. எழுதிக்கோ."

மால்டே எழுதினான். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த ஜன்னல்களையே பார்த்தான். அவன் இந்தச் சிவப்புப் பகுதியில் வீடு வீடாகச் சுற்றத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. கோபன்ஹேகனில் அவனுக்கும் ஒருத்தி இருந்தாள்.

"டாக்டர், நான் மூணே முக்கால் ரயிலுக்குக் கிளம்பட்டுமா?"

"எதுக்கு?"

மால்டே வாயைத் திறந்தான். முழு வாக்கியம் ஒன்று வரும் போலிருந்தது. பிறகு நோட்டை மூடி மேசைமேல் வைத்துவிட்டுக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். அவன் காதுமடல் சிவந்திருந்ததாக விகோ சொல்கிறார்.